ஒரு திருகுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகள்

இது ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுப் பதிவு. இந்த வாரம் வழக்கத்தைவிட நீளம். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது விசைப்படகு ஓட்டுகிறார். போன மாதம் போனில் பேசும்போது ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், எங்க எக்கோ சவுண்டர்ல சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு இருக்கு. அதைக் கூட்டுனா திரை முழுக்கப் பொட்டுப் பொட்டா வருது. குறைச்சா பொட்டோட மீனும் சேந்து போயிருது. கம்பெனிக்காரன் இதுதான் சரின்னு ஒரே அளவுல வெச்சுக் குடுத்தா என்ன?"

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். மின்னணுவியல் எனக்குப் பாடம் கிடையாது. "தம்பி, ரெண்டு வாரம் குடு, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். படிக்கப் படிக்க, அவர் கேட்ட கேள்வியைக் கடந்த நூறு ஆண்டுகளாகப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இந்தப் பதிவு.

கடற்கரை பழக்கமில்லாத நண்பர்களுக்காக முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். படகின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும்படி, உள்ளங்கை அளவில் ஒரு குமிழ் பொருத்தியிருப்பார்கள். அது விட்டு விட்டு ஒரு சிறிய ஒலியைக் கீழ்நோக்கி அனுப்பும். நம் காதுக்கு எட்டாத ஒலி அது. நொடிக்கு 50 ஆயிரம் அல்லது 2 லட்சம் அதிர்வுகள் கொண்டது. அது கடல் தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். போய்வந்த நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும். ஆழம் 30 மீட்டர் என்றால் போக 30, வர 30, ஆக மொத்தம் 60 மீட்டர். 60-ஐ 1500-ஆல் வகுத்தால் 0.04 நொடி. கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

வழியில் மீன் இருந்தால் அதன்மேலும் ஒலி பட்டுத் திரும்பும். ஆனால் அந்த எதிரொலி மிக மெலிதாக இருக்கும். அப்படியே காட்டினால் திரையில் ஒன்றும் தெரியாது. அதைப் பெருக்கித்தான் காட்ட வேண்டும். எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை நம் கையில் விட்டிருக்கும் திருகுதான் சென்சிட்டிவிட்டி. தமிழில் உணர்திறன் என்று சொல்லலாம். சில கருவிகளில் 'கெயின்' என்று போட்டிருக்கும். அந்தக் காலத்து வால்வு ரேடியோவில் சிலோன் வானொலி கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் கூடும், கரகரப்பும் கூடவே கூடும்.

இனி வரலாற்றுக்குப் போவோம்.

தண்ணீருக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை முதலில் துல்லியமாக அளந்தவர்கள் கொலாடோன் என்ற சுவிட்சர்லாந்து இயற்பியலாளரும் ஸ்டர்ம் என்ற கணித அறிஞரும். ஆண்டு 1826, இடம் ஜெனீவா ஏரி. ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் மணியைத் தொங்கவிட்டு அடித்தார்கள். அடிக்கும் அதே நொடியில் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும்படி ஏற்பாடு. 13 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்ற இன்னொரு படகில், நீளமான குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். வெளிச்சம் தெரிந்ததற்கும் மணியோசை கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார்கள். நொடிக்கு 1435 மீட்டர் என்று கணக்கு வந்தது. 8 பாகை குளிர்ந்த நன்னீருக்கு இன்றைக்கும் அந்தக் கணக்குப் பெரும்பாலும் சரிதான். இந்த ஆண்டு தொடங்கி எண்ணினால் இருநூறு ஆண்டுகள். தலைப்பு அதனால்தான்.

வேகம் தெரிந்தும் அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் ஆழத்தைக் கயிற்றில்தான் பார்த்தன. கயிற்றின் முனையில் ஈயக்குண்டு. நம் கரையில் இரு கைகளையும் விரித்த நீளத்தை ஒரு பாகம் என்பார்கள். ஆங்கிலேயரின் ஃபாதமும் அதே அளவுதான், 6 அடி. ஈயக்குண்டின் அடியில் சிறு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மேலே வரும்போது அடியில் இருக்கும் மணலோ சேறோ சிப்பித் துண்டோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஆக அந்தக் குண்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னது: எவ்வளவு ஆழம், அடியில் என்ன தரை? இந்த இரண்டு கேள்விகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆழ்கடலில் கயிறு இறக்கி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த பிரிட்டிஷ் கப்பல் சேலஞ்சர், ஏறத்தாழ 1,27,000 கிலோமீட்டர் பயணத்தில் ஆழ்கடலில் எடுத்த ஆழ அளவுகள் 500-ஐக்கூடத் தொடவில்லை.

1912 ஏப்ரலில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1500 பேர் அளவில் இறந்தார்கள். கப்பலுக்கு முன்னால் இருப்பதை இருட்டிலும் அறிய வழி உண்டா என்று பலரும் யோசித்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் எதிரொலி முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் அலெக்சாண்டர் பெம், எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்கு 1913-இல் காப்புரிமை பெற்றார். கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசெண்டன் 1914 ஏப்ரலில், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் கடலில், மயாமி என்ற அமெரிக்க அரசுக் கப்பலில் இருந்தபடி ஒலி அனுப்பினார். ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் இருந்த பனிப்பாறையிலிருந்து எதிரொலி வந்தது. கூடவே கடல் தரையிலிருந்தும் ஓர் எதிரொலி வந்தது.

பனிப்பாறையைத் தேடிப் போனவர்களுக்குத் தரையின் எதிரொலி இலவசமாகக் கிடைத்தது. கடைசியில் கப்பல்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்த இலவச எதிரொலிதான். 1925 முதல் 1927 வரை ஜெர்மனியின் மீட்டியோர் கப்பல் தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் மறுக்குமாகக் கடந்து 67,000-க்கும் மேற்பட்ட ஆழ அளவுகளை எடுத்தது. சேலஞ்சரின் 500-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கேதான் நம் திருகு கதைக்குள் வருகிறது. அந்தக் கால ஆழமானியை வைத்திருந்த மாலுமிக்கு வேண்டியது ஒரே ஒரு எதிரொலி, தரையின் எதிரொலி. நடுத்தண்ணீரில் ஏதாவது காட்டினால் அது அவருக்குத் தொந்தரவு. ஏதோ குப்பை, கருவிக் கோளாறு என்று எண்ணி, தரை மட்டும் தெளிவாகத் தெரியும்வரை குறைத்துவிடுவார். அவர் குறைத்துத் தள்ளிய அந்தக் குப்பைக்குள் மீனும் இருந்தது.

அதைக் குப்பை என்று நினைக்காதவர்கள் மூன்று திசைகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிளம்பினார்கள்.

ஜப்பானில் கிமுரா என்ற ஆய்வாளர் 1929-இல் மீன் வளர்ப்புக் குளத்தின் குறுக்கே ஒலிக்கற்றையை அனுப்பிச் சோதித்தார். மீன்கள் குறுக்கே நீந்தும்போதெல்லாம் மறுபக்கம் கிடைத்த ஒலி ஏறி இறங்கியது. மீனை ஒலியால் அறியலாம் என்று சோதனையாகவே காட்டியாயிற்று.

நார்வேயில் ஆஸ்கர் சுண்ட் என்ற மீன்வள அறிஞர், யோஹான் யோர்ட் என்ற ஆய்வுக் கப்பலில் லொஃபோடென் தீவுகள் பக்கம் போனார். அங்கே முட்டையிட வரும் காட் மீன்கள் தண்ணீரின் நடுவே ஒரு படலம்போலப் பரவி நிற்பதை ஆழமானியின் காகிதச் சுருள் கோடுகளாகப் பதிவு செய்தது. அதை 1935-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

மூன்றாமவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். ரொனால்ட் பால்ஸ், ஆய்வாளர் அல்ல, இங்கிலாந்தின் கிழக்குக் கரையைச் சேர்ந்த படகுத் தலைவர். 'வயலட் அண்ட் ரோஸ்' என்ற படகில் ஹெர்ரிங் பிடித்தவர். ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவு முறை, குளிர்க்கடல் மீன். 1930-களில் ஆழம் பார்க்கும் கருவியைத் தன் படகில் வைத்துக்கொண்டு, அது காட்டிய அடையாளங்களையும் மறுநாள் வலையில் விழுந்ததையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டார். பிறகு அந்த அனுபவத்தை 1940-களில் கட்டுரையாக எழுதினார். மீன்வள அறிவியலாளர்கள் இன்றைக்கும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள். படகில் இருப்பவர் தன் கண்ணால் பார்த்ததைக் குறித்து வைத்தால் அது அறிவியலாகும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. எதிரொலிக் கருவிகள் நீர்மூழ்கிகளைத் தேடப் போய்விட்டன. 1942-இல் கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால் சோதனை செய்துகொண்டிருந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். தரை இன்னும் ஆழத்தில் இருக்க, ஏறத்தாழ 300 மீட்டரிலேயே தரைபோல ஒரு பரந்த எதிரொலி வந்தது. கடலில் இரண்டு தரைகள் இருக்க முடியுமா? அதைப் 'பொய்த்தரை' என்றுகூடச் சொன்னார்கள். 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்ற கடல் உயிரியலாளர் அது பொழுது சாயும்போது மேலே ஏறுவதையும், விடியும்போது கீழே இறங்குவதையும் காட்டினார். தரை ஏறி இறங்குமா? உயிர்கள்தான் ஏறி இறங்கும். விரல் நீள விளக்கு மீன்களும், காற்றுப்பை கொண்ட சொறி இனங்களும், இன்னும் பல சிற்றுயிர்களும் கோடி கோடியாக இரவில் மேலே வந்து இரை தேடிவிட்டுப் பகலில் இருட்டுக்குள் இறங்குகின்றன. எல்லாப் பெருங்கடல்களிலும் தினமும் நடக்கும் இந்தப் பயணம், நீர்மூழ்கி தேடியவர்களின் கருவியில் விழுந்த 'குப்பையால்' தெரிய வந்தது.

கவனித்தீர்களா? மாலுமிக்கு மீன் குப்பை. நீர்மூழ்கி தேடுபவருக்குப் படலம் குப்பை. உயிரியலாளருக்கு அந்தப் படலமே புதையல். கருவி எல்லோருக்கும் ஒரே எதிரொலியைத்தான் தருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது திருகைப் பிடித்திருப்பவரின் தேவையைப் பொறுத்தது.

போர் முடிந்தபின் ஜப்பானில் ராணுவ உபரிப் பொருட்கள் குவிந்து கிடந்தன. நாகசாகி மாகாணத்தில் குசினோட்சு என்ற துறைமுக ஊர். அங்கே 1938 முதல் படகுகளுக்கு மின்வேலையும் ரேடியோ பழுதும் பார்த்துவந்தவர் கியோடக்கா ஃபுருனோ. அவரும் அவர் தம்பியும் சேர்ந்து பழைய கடற்படை ஆழமானியைப் பிரித்து, மாற்றி, மீன் தேடும் கருவியாக்கினார்கள். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. நம் துறைமுகங்களிலும் இன்று பல படகுகளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். குமிழி வரும் இடத்தில் மீன் இருக்கும் என்று ஒரு மீனவர் சொன்னதே அண்ணனுக்குப் பொறி தட்டியது என்று அந்த நிறுவனத்தார் தங்கள் வரலாற்றில் சொல்கிறார்கள்.

குமிழி என்றதும் இயற்பியல் வந்துவிடுகிறது. மீனின் சதை பெரும்பாலும் தண்ணீர். அதனால் சதையில் பட்ட ஒலி அதிகம் திரும்பாது. பல மீன்களுக்கு உடலுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. மிதக்க உதவும் பை. அப்படிப் பை உள்ள மீனிடமிருந்து வரும் எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்தப் பையிலிருந்துதான் வருகிறது. நாம் திரையில் பார்ப்பது மீனை என்பதைவிட, மீனுக்குள் இருக்கும் குமிழியை என்பதே சரி. சுறாவுக்கு அந்தப் பை கிடையாது. அதனால் ஆள் உயரச் சுறா மெலிதாகத் தெரியும், பை உள்ள சின்ன மீன் கூட்டம் அடர்த்தியாகத் தெரியும். திரையில் பெரியது தண்ணீரிலும் பெரியது என்று நம்பினால் ஏமாந்துபோவோம்.

இப்போது என் மாணவர் கேட்டதற்கு வருகிறேன். ஏன் ஒரே அளவில் வைத்துத் தர முடியாது?

முதல் காரணம் ஆழம். ஒலி போகப் போக விரியும். டார்ச் வெளிச்சம் மாதிரி. தூரம் இரண்டு மடங்கானால் மீன்மேல் விழும் ஒலி நான்கில் ஒரு பங்காகும். அங்கிருந்து திரும்பும் எதிரொலியும் அதேபோல் விரிந்து இன்னொரு நான்கில் ஒரு பங்காகும். நான்கு நான்கு பதினாறு. அதாவது 20 மீட்டரில் தெரிந்த அதே மீன் 40 மீட்டருக்குப் போனால் அதன் எதிரொலி 16-இல் ஒரு பங்குதான். 80 மீட்டருக்குப் போனால் 256-இல் ஒரு பங்கு. தண்ணீர் உறிஞ்சிக்கொள்வது தனிக் கணக்கு. ஆழத்திலிருந்து தாமதமாக வரும் எதிரொலியை அதிகமாகப் பெருக்கும் வசதியைக் கருவிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அது பெருமளவு ஈடுகட்டும். முழுக்க ஈடுகட்டாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தரை அகலமானது. ஒலி எவ்வளவு விரிந்தாலும் அவ்வளவும் தரைமேல்தான் விழும். அதனால் ஆழம் இரண்டு மடங்கானால் தரையின் எதிரொலி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும், 16-இல் ஒரு பங்காக அல்ல. அதாவது ஆழம் போகப் போகத் தரையைவிட மீன் சீக்கிரம் மறையும். "தரை நல்லாத் தெரியுது, அப்ப மீன் இல்ல" என்று முடிவு கட்டக் கூடாது. தானியங்கி முறையில் பல கருவிகள் தரையைப் பார்த்தே தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. தரை பிடிபட்டதும் அவற்றுக்குத் திருப்தி. நமக்கு வேண்டியது மீன் அல்லவா?

இரண்டாவது காரணம் தண்ணீர். ஆற்று முகத்துவாரத்தில் கலங்கல், அலை அடிக்கும்போது மேற்பரப்பில் காற்றுக் குமிழிகள், சில மாதங்களில் நுண்ணுயிர்களும் சொறியும். எல்லாமே எதிரொலி தரும். நேற்றுச் சரியாக இருந்த அளவு இன்றைக்கு அதிகம்.

மூன்றாவது காரணம் சத்தம். நம் எஞ்சின், நம் சுழலி, பக்கத்துப் படகின் எக்கோ சவுண்டர். இவை எதிரொலியே அல்ல, ஆனாலும் கருவி பெருக்கிக் காட்டும். வேகம் கூடினால் பொட்டும் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் அதில் பாதி மீன் இல்லை.

சரி, எப்படித்தான் வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லும் முறை எளிது. முதலில் தானியங்கியில் விட்டு, கருவி தரையைப் பிடிக்கட்டும். பிறகு கைமுறைக்கு மாற்றி, திரை முழுக்கப் பொடிப் பொட்டுகள் வரும்வரை மெதுவாகக் கூட்டுங்கள். அங்கிருந்து அந்தப் பொட்டுகள் மறைந்தும் மறையாமலும் நிற்கும் இடம்வரை குறைத்து நிறுத்துங்கள். ஆழம் கணிசமாக மாறினால் மறுபடியும் செய்யுங்கள். சுத்தமான திரைக்கு ஆசைப்பட வேண்டாம். கொஞ்சம் அழுக்கு இருக்கிற திரைதான் மெலிந்த மீனையும் காட்டும் திரை.

இன்னொரு சோதனையும் உண்டு. திரையின் அளவை ஆழத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்தால், தரைக்கோட்டுக்குக் கீழே, சரியாக இரு மடங்கு ஆழத்தில் இரண்டாவது கோடு ஒன்று தெரியலாம். ஒலி தரையில் பட்டு, மேலே வந்து நீர்ப்பரப்பில் பட்டு, மறுபடி தரைக்குப் போய்த் திரும்பிய எதிரொலி அது. ஆழம் குறைந்த கடலில் அந்த இரண்டாவது கோடு மெலிதாகத் தெரியும் அளவுக்கு உணர்திறன் இருந்தால் போதுமானது. அந்தக் கோடு இன்னொன்றும் சொல்லும். பாறையும் கெட்டி மணலும் இரண்டாவது கோட்டை அழுத்தமாகத் தரும். சேறு ஒலியை விழுங்கிவிடும், கோடு மங்கும். முன்பு ஈயக்குண்டின் கொழுப்பில் ஒட்டி வந்ததே, அடியில் என்ன தரை என்ற பதில், அது இப்போது இந்த இரண்டாவது கோட்டில் வருகிறது. கேள்விகள் இரண்டும் மாறவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றும்போது அந்தக் குமிழில் படிந்த பாசியையும் சிப்பியையும் பதமாகத் துடைத்துவிடுங்கள். சுரண்டி எடுக்கக் கூடாது. காது அடைத்துக்கொண்டிருக்கும்போது வால்யூமைக் கூட்டி என்ன பயன்?

இவ்வளவு சொன்னபிறகு, இந்தக் கதையின் கசப்பான பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறாகாது.

1950-இல் இருந்து நார்வேயில் ஃபின் டெவோல்ட் என்ற அறிஞர், ஜி.ஓ. சார்ஸ் என்ற ஆய்வுக் கப்பலில் எதிரொலிக் கருவியை வைத்துக்கொண்டு நடுக்கடலில் ஹெர்ரிங் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார். கூட்டம் எங்கே வருகிறது என்று படகுகளுக்குச் சொன்னார். குளிர்கால மீன்பிடியில் அவர் மக்கள் கொண்டாடிய மனிதர். 1960-களில் படகுகளே சொந்தமாகக் கருவி வாங்கிக்கொண்டன. பக்கவாட்டிலும் தேடும் சோனார் வந்தது. பெரிய சுருக்குவலையை இழுத்து ஏற்ற விசை உருளை வந்தது. அதுவரை கடலில் மீனுக்கு ஒளிய இடம் இருந்தது. இருட்டும் ஆழமும் அதைக் காத்தன. அந்த மறைவிடம் போய்விட்டது.

1960-களின் இறுதியில் அந்த ஹெர்ரிங் இனம் அடியோடு சரிந்தது. உலகின் மிகப்பெரிய மீன் கூட்டங்களில் ஒன்று, பிடிக்க ஆளில்லாத அளவுக்கு அல்ல, பிடிக்க மீனில்லாத அளவுக்குக் குறைந்தது. கருவி மட்டுமே காரணம் என்று சொன்னால் நியாயமாகாது. முட்டையிடும் வயதுக்கு வராத குஞ்சுகளையும் அள்ளினார்கள். அந்த ஆண்டுகளில் கடலும் குளிர்ந்தது. ஆனால் மீன் குறையக் குறையவும் மிச்சமிருந்த கூட்டங்களைக் கருவி கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கூட்டமாக வாழும் மீனின் ஆபத்து இதுதான். கடைசிக் கூட்டமும் திரையில் முதல் கூட்டத்தைப்போலவே அடர்த்தியாகத் தெரியும். வலையும் நிறையும். குறைகிறது என்பது படகுக்குத் தெரியாது. கடும் கட்டுப்பாடுகள் போட்டு அந்த இனம் மீள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மீன் தெரியவில்லையே என்று கவலைப்படும் என் மாணவருக்கு வீட்டுக் கடனும் டீசல் விலையும் இருக்கின்றன. அவரிடம் போய்த் திருகைக் குறைத்து வை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு படகின் திரையில் தெரிவதை வைத்துக் கடல் முழுவதையும் கணக்கிட முடியாது என்பதைச் சொல்லலாம். சொன்னேன்.

அந்தக் கணக்கை எடுப்பவர்களும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். வித்தியாசம் திருகில் இருக்கிறது. ஆய்வுக் கப்பலில் அவரவர் கண்ணுக்குப் பிடித்தபடி உணர்திறனைக் கூட்டிக் குறைத்தால் நேற்றைய கணக்கையும் இன்றைய கணக்கையும் ஒப்பிட முடியாதல்லவா? அதனால் அளவெடுக்கும் முன் கப்பலை அமைதியான நீரில் நிறுத்துவார்கள். மெல்லிய நூல்களில் கட்டி ஒரு உலோகக் கோளத்தைக் கப்பலுக்கு நேர் கீழே இறக்குவார்கள். செம்பு அல்லது டங்ஸ்டன் கார்பைடு கோளம். பரவலாகப் பயன்படும் ஒன்றின் விட்டம் 38.1 மில்லிமீட்டர், எலுமிச்சம்பழ அளவு. அந்தக் கோளம் எவ்வளவு எதிரொலி தர வேண்டும் என்பது ஏட்டுக்கணக்கிலேயே தெரியும். கருவி காட்டுவது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகுதான் மீனை எண்ணத் தொடங்குவார்கள். கடைக்காரரின் தராசைப் படிக்கல் வைத்துச் சோதித்து முத்திரை குத்துவதுபோல.

இப்படிக் கணக்கெடுக்க நம் பக்கத்துக் கடலுக்கும் கப்பல் வந்திருக்கிறது. நார்வேயின் உதவியோடு 1975 முதல் வளரும் நாடுகளின் கடல்களை அளந்துவரும் டாக்டர் ஃபிரிட்யோஃப் நான்சென் என்ற ஆய்வுக் கப்பல், 1978-80 ஆண்டுகளில் இலங்கையைச் சுற்றி ஆய்வு செய்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து 2018-இல் அதே பெயர் கொண்ட புதிய கப்பல் மறுபடியும் இலங்கைக்கு வந்து அளந்தது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது என்றால், அதற்கு அடிப்படை கருவியைச் சோதித்துச் சரிசெய்யும் வழக்கம்தான். படகுக்காரருக்கு இன்றைக்கு மீன் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். அவர் பேரனுக்கு மீன் இருக்குமா என்று தெரிய, யாராவது ஒருவர் திருகை ஒரே அளவில் வைத்து ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆழம் பார்க்கக் குண்டு கட்டி இறக்கிய கயிற்றுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் இருந்திருக்கிறது. சேற்றுத் தரை, மணல் தரை, பார் என்று தரைக்கும் தனித்தனிப் பெயர்கள். எக்கோ சவுண்டர் வந்தபிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் தெரியாது. நாகப்பட்டினம், இராமேஸ்வரம், தூத்துக்குடி, குமரி, யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து நண்பர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். வருகிற சொற்களையெல்லாம் தொகுத்து அடுத்த பதிவில் போடுகிறேன்.